மூன்றாவது பொத்தான்

ஜூன் 9

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். பேச்சில் நீ வழுக்கிக்கொண்டு போய்விடுவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்தில் பிழை இருக்கும். ஆனால் எழுதினது எழுதினபடி இருக்கும். நீயும் எழுத்திலேயே பதில் சொல்.

மாப்பிள்ளை நேற்று வந்து இறங்கினார். லீவு கேட்டு வரவில்லை, அனுப்பி வைத்திருக்கிறார்கள். தோளில் பை, முகம் கறுத்துக் கிடக்கிறது. "என்ன மாப்பிள்ளை, சொல்லாம கொள்ளாம?" என்றேன். "உங்க தம்பியைக் கேளுங்க அத்தை" என்றார். பையை இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். மீதியை என் பெண், உன் மருமகள்தான் சொன்னாள். அவளும் பாதிதான் சொல்கிறாள் என்று எனக்குப் படுகிறது.

கப்பலுக்கு அடியில் சுற்றுமே ஒரு விசிறி, அதில் மீன்வலை சிக்கிக்கொண்டதாம். அறுத்து எடுக்க டைவர்களை இறக்கினார்களாம். மாப்பிள்ளை உடுப்பு மாட்டி, முதுகில் காற்றுக் குடுவை கட்டி, வரிசையில் முதல் ஆளாக நின்றாராம். நீ எல்லார் முன்னாலும் அவரைத் தள்ளி நிறுத்தி, "இவர் இறங்கக் கூடாது" என்றாயாம். போட்ட உடுப்பைத் தளத்திலேயே கழற்ற வைத்தாயாம். நேற்றுச் சேர்ந்த பொடியன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

இது தாய்மாமன் செய்கிற வேலையா? அவரை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தவனே நீதான். "அக்கா, எங்க கப்பல்ல ஒரு பையன் இருக்கான், தங்கம்" என்று என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன வாய்தானே இது? நானும் நம்பித்தானே பெண்ணைக் கொடுத்தேன்? இந்தத் தெருவில் கடற்படை டைவர் மாப்பிள்ளை வேறு யாருக்கு இருக்கிறது, சொல். பாவாடைக்கு அளவு கொடுக்க வருகிறவளெல்லாம் முதலில் மாப்பிள்ளையைத்தான் விசாரிப்பாள். இனி அவளுக்கெல்லாம் நான் என்ன சொல்வது?

அவருடைய கம்பீரம் உன் கண்ணை உறுத்துகிறதா? சாப்பிடும்போது "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டால் சில நேரம் பதிலே வராது. சுவரைப் பார்த்தபடி இருப்பார். அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி சாப்பிடுவார். முதலில் எனக்குச் சுருக்கென்று இருந்தது. பிறகு புரிந்துகொண்டேன். கடலுக்கு அடியில் போகிற மனிதர், நம்மைப் போல வளவள என்று பேச மாட்டார். மாப்பிள்ளை என்றால் அந்த முறுக்கு கொஞ்சம் வேண்டும்தானே!

அழுக்குத் துணியைப் பிரித்தால் வழக்கம்போல ஒரு பொத்தான் தொங்குகிறது. உங்கள் கப்பலில் ஊசி நூல்கூடக் கிடையாதா? இருந்திருந்து எல்லாம் என் தலையில்தான்.

நீ சேர்ந்து இத்தனை வருஷமாகியும் மாத்திரை கொடுக்கிற ஆளாகவே இருக்கிறாய். அவர் சீக்கிரம் டைவர்களுக்கே தலைவராகிவிடுவார் என்ற வயிற்றெரிச்சல்தானே? மறைக்காமல் எழுது.

உன் அக்கா
(அதை மாற்ற முடியாதே, என்ன செய்வது)


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதாவிட்டால் போகிறது, நான் எழுதுவேன்.

வயிற்றெரிச்சல் என்ற சொல்லைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகு எடுத்து மிச்சத்தைப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் யாராவது என்னை அடித்தால் நீ போய் அவனைத் திட்டுவதற்கு முன், "நீ என்னடா பண்ணினே?" என்று என்னைக் கேட்பாய். இந்தத் தடவை அதைக்கூடக் கேட்கவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. எங்களுடையது சின்னக் கப்பல். டாக்டர் கிடையாது. நான் மட்டும்தான். அதிகாரி இல்லை, மற்றவர்களைப் போல ஒரு மாலுமி. அவர்களோடு அதே அடுக்குக் கட்டிலில்தான் படுக்கிறேன், அதே மேசையில்தான் சாப்பிடுகிறேன். காய்ச்சலுக்கு மருந்து, வெட்டுக்குத் தையல், தண்ணீர்த் தொட்டியில் கிருமி இருக்கிறதா, சமையலறையில் எலி இருக்கிறதா, எல்லாம் என் பொறுப்பு. காலையில் ஒருவனுக்கு மூலத்துக்குக் களிம்பு கொடுத்துவிட்டு, மதியம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட வேண்டும். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி சாப்பிடுவோம்.

டைவர் இறங்குவதற்கு முன்னால் என் முன் வந்து நிற்பார். காதுக்குள் பார்ப்பேன். மூக்கைப் பிடித்து ஊதச் சொல்வேன். நாடி பிடிப்பேன். "ஏதாவது?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல" என்பார். தோளில் ஒரு தட்டு தட்டுவேன். அவ்வளவுதான். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் அந்தத் தட்டு விழாமல் எங்கள் கப்பலில் ஒருவரும் தண்ணீரில் கால் வைத்ததில்லை. மறந்துவிட்டால் தோளைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அன்றைக்கு மாப்பிள்ளையிடம் "ஏதாவது?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சிரித்தான். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். நடந்தது அதுதான். நான் தள்ளவில்லை, கத்தவில்லை. கத்தியது அதிகாரி.

ஏன் எல்லார் முன்னாலும் என்கிறாய். முதல் நாள் சாயங்காலமே மருந்தறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவனிடம் பேசினேன். "நீயே போய்ச் சொல்லிடு மாப்ளே. நீ சொன்னா அது உன் கௌரவம். நான் சொன்னா அது உன் அவமானம்" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு, "காலையில நானே சொல்லிடறேன் மாமா" என்றான். காலையில் உடுப்போடு வந்து நிற்கிறான். மாமாவுக்கு அந்தத் தைரியம் வராது என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

எதற்காக நிறுத்தினேன் என்பதை என் வாயால் சொல்ல மாட்டேன். அது அவன் உடம்பு விஷயம். அக்காவாக இருந்தாலும் சொல்லக் கூடாது. அவனையே கேள். இல்லாவிட்டால் உன் பெண்ணைக் கேள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். மெஸ்ஸில் இப்போது என்னோடு யாரும் பேசுவதில்லை. கூட இருக்கிறவனைக் காட்டிக்கொடுத்தவன் நான். சாப்பிடப் போனால் என் இடத்தில் ஒரு கிண்ணம் கஞ்சி வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்ற மருந்துக்காரர்களுக்குக் 'கஞ்சி' என்றுதான் கேலிப் பெயர். அது எப்படி வந்தது என்று இன்னொரு நாள் சொல்கிறேன். தினமும் வைக்கிறார்கள். நான் தினமும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைக்கிறேன்.

தம்பி


ஜூன் 25

தம்பிக்கு,

கேட்டேன். உன் மருமகளைத்தான். மாப்பிள்ளையைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

அவள் முதலில் அழுதாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அது ஏதோ கேடயம் மாதிரி, சொன்னாள். போன லீவில், விடிகிற நேரம், தூக்கத்தில் அவருக்கு ஒரு தடவை உடம்பு வெட்டி இழுத்ததாம். பல் கிட்டி, கண் மேலே போய், நாக்கைக் கடித்துக்கொண்டாராம். எழுந்த பிறகு ஒன்றும் நினைவில்லையாம். "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாராம். அதையும் மீறி அவளே உனக்குப் போன் போட்டாளாம்.

ஆக நீ உளவு பார்க்கவில்லை. என் பெண்ணே சொல்லியிருக்கிறாள். ஒரே வீட்டில் இருக்கிற தாயிடம் சொல்லாமல் கடலில் இருக்கிற மாமனிடம் சொல்லியிருக்கிறாள்! "ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று கேட்டால், "நீ தெருவுக்கே டைவர் மாப்பிள்ளைன்னு சொல்லி வெச்சிருக்கியேம்மா" என்கிறாள். நான் மெஷினை வேகமாக மிதித்தேன். ஒரு காலர் கோணலாகப் போய்விட்டது. அதையும் உன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

சரி, ஒரு தடவைதானே? ஒரே ஒரு தடவை! வெயிலில் அலைந்திருப்பார், சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். எனக்கும்தான் ஒரு தடவை கடையில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அதற்காக என் கத்தரிக்கோலைப் பிடுங்கிவிட்டார்களா? அவள் உன்னிடம் சொன்னது பயத்தில். மாமன் என்று சொன்னாள், கப்பலின் மருந்துக்காரன் என்று சொல்லவில்லை. வீட்டுப் பேச்சை வேலைக்குக் கொண்டுபோகிறவன் என்று தெரிந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாளா?

கடற்படை ஆஸ்பத்திரியில் தலையில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்களாம். ஒன்றும் தெரியவில்லையாம். எல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். இப்போது மருத்துவக் குழு என்று ஒன்று உட்காரப் போகிறது. வீட்டில் இருக்கிறவர்கள் வந்து, ஏதாவது பார்த்திருந்தால் சொல்ல வேண்டுமாம். எனக்கும் ஓலை வந்திருக்கிறது. நாங்கள் ஒன்றுமில்லை என்றால் அவர் மறுபடியும் தண்ணீருக்குப் போகலாம்.

நான் போவேன். "என் மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் நான் பார்த்ததில்லை" என்று சொல்வேன். அதில் பொய்யும் இல்லை. நான் பார்க்கத்தானே இல்லை? உன் மருமகளையும் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளை முன்னறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். குழந்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு "தூக்கு தூக்கு" என்கிறது. அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. நீ பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாய்.

கஞ்சி வைக்கிறார்களா? நல்லா வைக்கட்டும். இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்.

அக்கா


ஜூலை 3

அக்கா,

குழுவில் நீ போய் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு சொல். அதற்காகத்தான் எழுதுகிறேன். என் வேலை போகும் என்பதற்காக இல்லை. போகும் என்பதும் உண்மைதான். டாக்டர் சொல்லாமல் ஒரு டைவரை நிறுத்த நான் யார் என்று என் மேல் தனியாக விசாரணை வைத்திருக்கிறார்கள். குழு "ஒன்றுமில்லை" என்றால் பதவி காட்டும் என் கைப்பட்டையை உரித்துவிட்டுக் கரையில் எங்காவது பஞ்சு சுருட்ட அனுப்புவார்கள். அனுப்பட்டும். பஞ்சு சுருட்டத் தெரியும்.

கஞ்சிப் பெயர் எப்படி வந்தது என்று சொல்கிறேன், கேள். நீயும்தான் அந்தக் கஞ்சியைச் சொல்லிச் சிரித்தாய். மரக்கப்பல் காலத்தில் எங்களைப் போன்றவர்களின் வேலை, அடிபட்டுக் கிடக்கிறவனுக்குக் கஞ்சி ஊட்டுவது. அவன் கால் ஒன்றை அறுக்கும்போது ஆளை அமுக்கிப் பிடிப்பது. சண்டை தொடங்குவதற்கு முன்னால் தளமெல்லாம் மணல் தூவுவது, ரத்தத்தில் மருத்துவர் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று. அறுத்து எறிந்ததை வாளியில் அள்ளிப்போய்க் கடலில் கொட்டுவது. வெற்றி என்று பீரங்கி வெடித்தபோது கேப்டனுக்குப் பதக்கம். வாளி தூக்கினவன் பெயர் யாருக்காவது தெரியுமா? பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. எல்லாரும் நன்றாக இருக்கும்வரை நான் 'கஞ்சி'. எவனுக்காவது நெஞ்சு வலித்தால் ஒரு நொடியில் 'டாக்டரே, டாக்டரே'. வலி போனதும் மறுபடியும் கஞ்சி. கைப்பட்டையில் என்ன மாறினாலும் அது மட்டும் மாறவில்லை.

அது போகட்டும். நீ ஒரு தடவைதானே என்கிறாய். கட்டிலில் வந்தால் நாக்கைக் கடித்ததோடு போகும். தண்ணீருக்கு அடியில் வந்தால் வாயில் இருக்கிற காற்றுக்குழாய் நழுவும். எடுத்து வைக்கக் கை வராது. கூட இறங்குகிறவன் இருட்டில், சேற்றில், என்ன ஆயிற்று என்று தெரியாமல் இவனைப் பிடிக்கப் போவான். அவனும் போவான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

நான் இங்கே துறைமுக ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய நர்ஸம்மாவிடம் விசாரித்தேன். அவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு உள்ளங்கால் கூசுகிறது. வலிப்பு என்றால் கையும் காலும் வெட்டி இழுப்பது மட்டும் இல்லையாம். சின்னதாக ஒன்று இருக்கிறதாம். ஆள் நின்றபடி நிற்பார். கண் திறந்திருக்கும், ஆனால் பார்க்காது. கேட்டால் பதில் வராது. வாய் எதையோ மெல்வது மாதிரி அசையும். விரல் சட்டையைப் போட்டு நோண்டும். கொஞ்ச நேரத்தில் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார். தனக்கு வந்தது அவருக்கே தெரியாது.

அக்கா, மெஸ்ஸில் மாப்பிள்ளைக்குப் பெயர் 'சிலை'. பேசிக்கொண்டே இருப்பவன் திடீரென்று நின்றுவிடுவான். "டேய், சிலை ஆயிடுச்சுடா!" என்று நாங்கள் கைதட்டிச் சிரிப்போம். அதை விசாரணையில் சொன்னேன். கூட இருந்த ஒருவனும் ஒத்துக்கொள்ளவில்லை. "சும்மா யோசிச்சிட்டு நிப்பான் சார், இந்தக் கஞ்சிதான் கதை கட்டறான்" என்கிறார்கள். அவனைக் காப்பாற்றுகிறார்களாம்! நண்பர்களாம்!

தூக்கத்தில் வந்ததைப் பார்த்தவள் உன் பெண் ஒருத்திதான். அவள் வாயை நீ மூடியிருக்கிறாய். இனி உனக்கு எழுத ஒன்றும் இல்லை. போய் உன் இஷ்டப்படி சொல்லிக்கொள்.

தம்பி


ஜூலை 8

தம்பி,

விரல் சட்டையை நோண்டும் என்று எழுதியிருக்கிறாயே, மாப்பிள்ளை அப்படி நோண்டி நீ பார்த்திருக்கிறாயா? எந்தக் கை? சட்டையில் எந்த இடம்? உனக்குத் தெரிந்ததை மட்டும் எழுது. நர்ஸம்மா சொன்னது வேண்டாம். திட்டாமல் எழுது. உடனே எழுது.

அக்கா


ஜூலை 13

அக்கா,

வலது கை. நெஞ்சுக்கு நேரே உள்ள பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருப்பான். "சிலைக்குப் பொத்தான் மேல காதல்" என்று சமையல்காரன் ஒரு பாட்டே கட்டியிருந்தான்.

ஏன் கேட்கிறாய்? வீட்டில் ஏதாவது நடந்ததா? கீழே விழுந்தானா? விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் கரண்டி கிரண்டி எதையும் திணிக்காதே. அமுக்கிப் பிடிக்காதே. குழந்தையைத் தனியாக அவன் கையில் குளிப்பாட்டக் கொடுக்காதே, இதை மட்டும் கேள். சண்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

யாரும் விழவில்லை. பயப்படாதே.

உன் பெரிய கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தில் அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். அந்த நேரம் என் மடியில் மாப்பிள்ளையின் சட்டை இருந்தது. பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் உன் கடிதம். விரல் சட்டையை நோண்டும் என்ற இடத்துக்கு வந்ததும் ஊசி அப்படியே நின்றுவிட்டது.

எழுந்து போய் அவருடைய சட்டையெல்லாவற்றையும் எடுத்து வெட்டுப் பலகையில் பரப்பினேன். வெள்ளை, நீலம், வீட்டுச் சட்டை, கல்யாணத்துக்கு நான் கடையில் எடுத்துக் கொடுத்தது, எல்லாம். எல்லாவற்றிலும் மேலேயிருந்து மூன்றாவது பொத்தான். மற்றப் பொத்தானெல்லாம் கம்பெனியில் தைத்தபடி இருக்கிறது. அந்த ஒன்றில் மட்டும் என் நூல். ஒரு சட்டையில் துணிக்குப் பொருந்தாத நூலைக்கூடப் போட்டிருக்கிறேன், அவசரத்தில். பொத்தான் துளைகள் திருகித் திருகித் தேய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு லீவிலும் முணுமுணுத்துக்கொண்டே தைத்தவள் நான்தான்டா. யார் சட்டையிலும் ஒரே பொத்தான் மட்டும் விழாது என்று ஒரு தையல்காரிக்குத் தோன்ற வேண்டாமா?

அதற்குப் பிறகு அவரை நான் கவனித்தேன். நீ பதில் எழுதுவதற்குள்ளாகவே பார்த்துவிட்டேன். டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "சர்க்கரை போடட்டுமா மாப்பிள்ளை?" என்றேன். பதில் இல்லை. வாய் மெல்கிறது. வலது கை பொத்தானுக்குப் போகிறது. டம்ளர் நிறைந்து, டீ மேடையெல்லாம் ஓடி, கீழே சொட்டுகிறது. அவர் இடது கையால் ஊற்றிக்கொண்டே நிற்கிறார். நான் கெட்டிலை வாங்கி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "பாதி சர்க்கரை போதும் அத்தை" என்றார். அப்புறம் கீழே பார்த்து, "யாரு கொட்டினது?" என்று கேட்டார்.

இதைத்தான் நான் முறுக்கு என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குழுவுக்குப் போனோம். நீளமான மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்த்தார். மாப்பிள்ளை சீருடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். போகும்போதே உன் மருமகளிடம், "நான் வாயை மூடச் சொன்னது ஞாபகம் இருக்கா? அதை மறந்துடு" என்று சொல்லிவிட்டேன். அவள் விடியற்காலை நடந்ததைச் சொன்னாள். ஒன்றும் விடாமல் சொன்னாள். மாப்பிள்ளை அவளைத் திரும்பியே பார்க்கவில்லை.

"ஒரு தடவைதானே?" என்றார் கண்ணாடிக்காரர். என் சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க என்னம்மா பார்த்தீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பையிலிருந்து சட்டைகளை எடுத்து மேசை மேல் போட்டேன்.

"இது என்ன?"

"என் மாப்பிள்ளை சட்டைங்க. மூணாவது பொத்தானைப் பாருங்க. எல்லாத்திலயும் பாருங்க. ஆள் பேசிட்டே இருப்பாரு, டக்குனு நின்னுடுவாரு. கை அந்தப் பொத்தானுக்குப் போகும். நான் எத்தனையோ வாட்டி பார்த்திருக்கேன். திமிருன்னு நினைச்சுட்டேன்."

பக்கத்தில் இருந்த இளைய அதிகாரி சிரிப்பை அடக்கினார். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. சட்டையைக் கையில் எடுத்தார். "இதையெல்லாம் சொல்லச் சொல்லி உங்க தம்பி சொல்லிக் கொடுத்தாரா?"

"அவனுக்கும் எனக்கும் பேச்சே கிடையாதுங்க. கடுதாசியிலகூட சண்டைதான். வேணும்னா கொண்டாந்து காட்டறேன், படிச்சா உங்க காது கூசும்."

அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்தார். கோபத்தில் எழுந்தார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். "நான் எப்போ அத்தை அப்படி நின்னேன்?"

"போன வாரம் டீ ஊத்தும்போது, மாப்பிள்ளை. அதுக்கு முன்னாடி குழந்தைக்குச் சட்டை மாட்டும்போது. சாப்பிடும்போது."

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போனது. தொட்டதும் சுட்டது போல எடுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு தடவை மட்டும்தான்டா. அதை மறைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறார். மற்றது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. பாவி, நம்மில் ஒருவராவது, "என்னப்பா, ஏன் நின்னுட்டே?" என்று கேட்டிருக்கலாம். நீங்கள் கைதட்டினீர்கள். நான் பெருமைப்பட்டேன்.

இனி அவருக்குத் தண்ணீர் கிடையாது. காற்றுக் குடுவை நிரப்புகிற இடத்தில் கரை வேலை. மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள்.

உன் விசாரணையும் அதோடு முடிந்தது என்றார்கள். முடிந்தது என்று சொன்னதோடு விட்டார்களா? இளைய அதிகாரி, "ஆனாலும் அந்தக் கஞ்சி முறைப்படி மேல எழுதிப் போட்டுட்டுத்தான் நிறுத்தியிருக்கணும்" என்றார். எனக்கு வந்ததே ஒரு ஆங்காரம்! "உடுப்பு மாட்டி நிக்கிற ஆளு, எழுதிப் போட்ட தாள் மேல போய்க் கீழ வர்ற வரைக்கும் தண்ணிக்கு அடியில காத்திருப்பாராங்க? கஞ்சியாம் கஞ்சி! அவன் கையைக் கட்டிட்டு நிக்கலேன்னா நான் இன்னைக்கு இங்க வேற சேதி கேக்க வந்திருப்பேன். அந்தப் பேரை நான் சொல்லலாம், அவனை இடுப்புல தூக்கி வளர்த்தவ. நீங்க சொல்லக் கூடாது" என்றேன். உன் மருமகள் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கண்ணாடிக்காரர் அந்த இளைஞனிடம், "அவர் பதவிப் பேரைச் சொல்லுங்க" என்றார். உன் பதவிக்கு ஒரு பேர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீளமாக இருக்கிறது. எழுத வரவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. தளத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்தினது சரிதான் என்று என் அறிவு சொல்கிறது, வயிறு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளைக்கும் உன் மேல் கோபம் இருக்கிறது. லீவு போட்டு வா. அவர் வாசலிலேயே உன்னை ஒரு அறை அறையலாம். வாங்கிக்கொள். நான் குறுக்கே வர மாட்டேன். வாங்கிக்கொண்டு உள்ளே வந்து சாப்பிடு. கஞ்சி இல்லை, சோறு.

குழந்தையைக் குளிப்பாட்டுவது இப்போது நான். மாப்பிள்ளை பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு மாதிரி வெட்கப்படுகிறார். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

என் கடையில் பொத்தான் என்றால் இரட்டை நூல், அடியில் சுற்றிக் கட்டித்தான் தைப்பேன். துணி கிழிந்தாலும் பொத்தான் வராது. அதுதான் என் பேர். அவர் சட்டைகளில் மட்டும் இப்போது அந்த மூன்றாவது பொத்தானை ஒற்றை நூலில், பட்டும் படாமல் தைத்து வைத்திருக்கிறேன். ஒரு திருகு திருகினால் கையோடு வந்துவிட வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டாமா? தினமும் சாயங்காலம் துவைக்க வாங்குகிற சாக்கில் சட்டையை வாங்கி அந்தப் பொத்தானைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இன்றைக்கு இருக்கிறது.

உன் அக்கா